அன்ரனெற்றுக்கு நான் கொடுத்த சப்பாத்து

அன்ரனெற் ஏன் விழுந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் இருந்த வேறு ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

ஒரு கல்லூரியின் உடற்பயிற்சி மண்டபம் அது. மேல்மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வரிசைக் கதிரைகள். அதில் ஒன்றில் நான் இருந்தேன். கீழே இருபது மீற்றர் இடைவெளியில் தரையில் இரண்டு கோடுகள். ஒலிபெருக்கி ‘பீப்’ என்றதும் இந்தக் கோட்டிலிருந்து ஓடவேண்டும். அடுத்த ‘பீப்’ வருவதற்குள் அந்தக் கோட்டில் காலை வைத்துத் திரும்பவேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஒரு படி. படி ஏற ஏற பீப்புகளுக்கு இடையில் இருக்கும் நேரம் குறையும். ஆறு படிகளை முடிக்கிறவர்தான் நீதிமன்றக் காவல் அதிகாரி வேலைக்கான உடற்தகுதிச் சோதனையில் சித்தியடைவார்.

நாலாம் படியில் அன்ரனெற் இடது காலை ஊன்றித் திரும்பினாள். சப்பாத்தின் தடித்த அடி ஒரு பக்கமாகச் சரிந்தது. கணுக்கால் மடிந்து, முழங்கால் நிலத்தில் மோத விழுந்தாள். கையை ஊன்றி எழும்பி நொண்டி நொண்டி ஓடப் பார்த்தாள். இரண்டு பீப் தவறிவிட்டது. கையில் அட்டையோடு நின்ற பெண் அவளை ஓரத்துக்கு வரச் சொன்னாள்.

அந்தச் சப்பாத்தை அவளுக்கு எடுத்துக் கொடுத்தவன் நான்.

என் பெயர் இராசரத்தினம். ஸ்காபரோவில் ஒரு மோலில் இருக்கிற விளையாட்டுச் சப்பாத்துக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் சனத்தோடு எனக்கு ஒரு நிரந்தரக் கோபம் உண்டு. ஒரே சோடியில் காலையில் நடப்பார்கள். அதே சோடியில் சனிக்கிழமை பற்மின்ரன் ஆடுவார்கள். அதையே ஈரத்துணியால் துடைத்துப் போட்டுக்கொண்டு செத்தவீட்டுக்கும் போவார்கள். பிறகு முழங்கால் நோகுது, குதிக்கால் குத்துது என்று எண்ணெய் தேடி அலைவார்கள். நடக்கிற சப்பாத்து முன்பாதத்தில் இலகுவாக மடியவேண்டும். ஓடுகிற சப்பாத்து நேரே போவதற்கென்று செய்தது, அடியில் மெத்தை உயரம், சட்டென்று பக்கம் திரும்பினால் ஆளையே கவிழ்க்கும். பற்மின்ரனுக்கு அடி தட்டையாகவும் பக்கங்கள் இறுக்கமாகவும் இருக்கவேண்டும். பாரம் தூக்குகிறவனுக்கு மெத்தையே ஆகாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

ஆனாலும் விடமாட்டேன். யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பேன். என்ன செய்யப் போகிறீர்கள், எந்தத் தரையில், எவ்வளவு நேரம். அதன்பிறகு முழங்காலை ஊன்றி இருந்து இரண்டு பாதத்தையும் அளப்பேன். பத்தொன்பது வருடத்தில் நான் கேட்காமலும் அளக்காமலும் கொடுத்தது அன்ரனெற்றுக்குத்தான்.

அன்ரனெற் மோர்னிங்சைட்டில் எங்களுக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மன்னாரில் இருந்து இருபது வயதில் வந்தவள், இப்போது நாற்பத்திமூன்று. வந்த புதிதில் கோழி வெட்டுகிற ஆலையில் நின்றாள். பிறகு வெயர்ஹவுஸில் பெட்டி கட்டினாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். கடைசி ஒன்பது வருடமாக ஒரு மாடிக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டி வேலை. கணவன் பேனாட் சாமான் லொறி ஓட்டுகிறான், சோலிசுரட்டு இல்லாத மனுசன்.

செக்யூரிட்டி வேலையில் அவளுக்கு இருந்த அதிகாரம், பார்ப்பதும் தொலைபேசியில் சொல்வதும் எழுதி வைப்பதும்தான். இரண்டு வருடத்துக்கு முன்னர் அந்தக் கட்டடத்தின் வாசலில் ஒருவன் தன் தாயைப் பிடித்துத் தள்ளினான். கிழவி சுவரோடு மோதி நிலத்தில் இருந்துவிட்டாள். அன்ரனெற் சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்தாள். மூன்று அடி தள்ளி நின்று பொலிஸைக் கூப்பிட்டாள். பொலிஸ் வர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவன் தாயைப் பேசிய பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றதை என் மனைவியிடம் சொல்லி அழுதாள். கையை வைத்துத் தடுக்கக்கூடிய வேலைக்குத்தான் இனிப் போவேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

நாங்கள் எல்லோரும் அதைச் சும்மா பேச்சு என்றுதான் நினைத்தோம். அவள் படித்தாள். எழுத்துச் சோதனையில் சித்தியடைந்தாள். நேர்முகத்திலும் சித்தி. மிஞ்சியது இந்த ஓட்டம். தவறினால் இன்னும் ஒரே ஒரு தடவை ஓடலாம். அதுவும் தவறினால் விண்ணப்பம் முடிந்தது, அடுத்த ஆள்சேர்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. பேனாட்டுக்கு இந்த வேலையில் விருப்பமில்லை. கைவிலங்கும் குற்றவாளிகளும் இந்த வயதில் எதற்கு என்பது அவன் கட்சி.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கடைக்கு வந்தாள். ஓடுவதற்கு நல்லதாக ஒன்று வேண்டும் என்றாள். நான் அளவுத்தட்டை எடுத்துக்கொண்டு முழங்காலில் இருந்தேன். அவள் இரண்டு காலையும் தான் இருந்த வாங்குக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

“அண்ணை, நீங்கள் என்ர காலைத் தொடுறதோ? வேண்டாம். எனக்கு எப்பவும் எட்டுத்தான்.”

மூத்தவன் ஒருவன் தன் காலைத் தொட்டால் பாவம் என்று வளர்ந்தவள் அவள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். வெள்ளைக்காரர், சீனர், கறுப்பர் என்று எத்தனை ஆயிரம் கால்களைப் பிடித்திருப்பேன், கூச்சம் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. அளவுத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினேன். அந்தச் சங்கடத்தில் மூன்று கேள்வியும் வாயில் வரவில்லை. புதிதாக வந்திறங்கிய, அடி இரண்டு விரல் தடிப்பான, நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் போடுகிற எட்டாம் அளவுச் சோடியை எடுத்துக் கொடுத்தேன். கடையிலேயே அதுதான் திறம் என்று பெருமையும் அடித்தேன்.

அவள் அதைக் கொண்டுபோய் என்ன செய்தாள் தெரியுமா? பெட்டியோடு அலுமாரியில் வைத்தாள். பெருநாளுக்கு எடுத்த சாறியை வைப்பதுபோல. ஒரு மாதம் பழைய சப்பாத்தோடு தெருவில் ஓடிப் பழகினாள். சோதனையன்று காலையில்தான் பெட்டியைத் திறந்தாள். வாங்கிய அன்றே போட்டுப் பழகு என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை.

விழுந்த அன்று நான்தான் அவளைக் காரில் கூட்டிவந்தேன். கணுக்கால் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. வீட்டுவாசலில் பேனாட் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினான்.

“வயசு போட்டுது,” என்று அவனிடம் சொன்னாள். “உடம்பு கேக்குதில்லை.”

அவன் முகத்தில் கவலைக்குப் பின்னால் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ரூஜிலிருந்தும் வெக்ஸ்போர்ட்டிலிருந்தும் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ரத்தினத்தாரிடம் போனால் பிழை வராது என்பார்கள். கலியாண வீட்டில்கூட யாராவது சப்பாத்தைக் கழற்றி, இது சரியா பாருங்கோ என்று என் மூக்குக்கு முன்னால் நீட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கே பிழையான சோடியைக் கொடுத்து விழுத்தினவன் என்று அந்த வாய்களெல்லாம் பேசுமே என்று பயந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

அவளுக்குக் கடிதம் ஒன்று வந்திருந்தது. இரண்டாம் தடவை ஓடுவதென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் விண்ணப்பம் மூடப்படும். நான் ஒவ்வொரு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் காது கொடுத்தேன். முன்பெல்லாம் விடிய ஆறு மணிக்கு அவள் படியிறங்கி ஓடப்போகிற சத்தம் கேட்கும். இப்போது ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அவளுடைய மகள் றஜிதா பள்ளிக்கூடத்தால் வரும்போது என்னை மறித்தாள். பதினாறு வயது.

“அங்கிள், அம்மா கிவ் அப் பண்ணிட்டா. நாளைக்குத்தான் லாஸ்ட் டே. சும்மா படுத்தே இருக்கிறா, ஐ ஹேற் இற்.”

அன்றைக்கும் போய்ச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். ஒரு பையனுக்குக் கூடைப்பந்துச் சப்பாத்து அளந்தேன். தாய் அவனிடம், இந்த அங்கிள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. மணி மூன்றரை. தலையிடி என்று மனேஜரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கார் மனைவியிடம். பஸ் வர இருபது நிமிடம். ஏறிய பஸ் நனைந்த பனிக்குள் நின்று நின்று ஊர்ந்தது. மணிக்கூட்டைப் பார்ப்பதும் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்ப்பதுமாக இருந்தேன். இறங்கும்போது நாலே முக்காலுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அறுபது வயதில், தேய்ந்த பனிச் சப்பாத்தோடு, அந்தத் தெருவில் நான் ஓடினேன்.

அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பேனாட் மேசையில் தேத்தண்ணியோடு இருந்தான். நான் மூச்சுவாங்கிக்கொண்டு கதவுநிலையைப் பிடித்தபடி சொன்னேன்.

“பிள்ளை, நீ விழுந்தது வயசால இல்லை. நான் தந்த சப்பாத்தால. அது நேரை ஓடுறதுக்கு, இப்பிடித் திரும்புறதுக்கு இல்லை. நீ எங்கை ஓடப்போறாய் எண்டு நான் கேக்கேல்லை. காலையும் அளக்கேல்லை. பிழை உன்ர உடம்பில இல்லை.”

பேனாட் சிரித்தான். ஆறுதலுக்காக இப்படியெல்லாம் சொல்லி அவளை மறுபடியும் உசுப்பிவிட வேண்டாம் என்று பதமாகச் சொன்னான். ஆறுதலுக்கில்லை, உண்மை என்றேன் நான். அன்ரனெற் வெட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். குழாயடியில் கையைக் கழுவினாள், துவாயில் துடைத்தாள், றஜிதாவின் கணினியைக் கொண்டுவரச் சொன்னாள். கடவுச்சொல் மறந்துபோய் இரண்டு தடவை பிழையாக அடித்தாள். மணி நாலு ஐம்பத்திரண்டுக்கு உறுதிசெய்த மின்னஞ்சல் வந்தது.

“சனிக்கிழமை கடைக்கு வாறன் அண்ணை,” என்று மட்டும் சொன்னாள்.

ஏச்சு விழும் என்றுதான் போயிருந்தேன். ஒன்றுமில்லை. இவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டாளே என்று எனக்கு ஆச்சரியம். உள்ளுக்குள் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட. ஒன்பது நாள் நான் பட்ட அவதிக்கு ஒரு நல்ல ஏச்சாவது கிடைத்திருக்கலாம்.

சனிக்கிழமை அவள் கடைக்கு வந்து, தெரிந்த சனம் யாரும் நிற்கிறார்களா என்று முதலில் சுற்றிப் பார்த்தாள். பிறகு காலுறையைக் கழற்றி இடது காலை முன்னால் நீட்டினாள். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. ஊசி போடக் கை நீட்டிய பிள்ளைபோலக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் அந்தக் காலைப் பிடித்துத் தட்டில் வைத்தேன். இடது ஒன்பதரை. வலது ஒன்பது. இரண்டும் அகலப் பாதம். இருபது வருடமாக எட்டாம் அளவுக்குள் காலை நசுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கால் பெருக்கும் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே என்றாள்.

பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்கவேண்டும் என்றேன். கீழ்த்தட்டில் இருந்து ஒரு சாம்பல் நிறச் சோடியை எடுத்தேன். பற்மின்ரன் ஆடுகிறவர்கள் போடுவது. தட்டை அடி, மண்டபத் தரையைப் பிடிக்கிற றப்பர். அவளுக்குப் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது மாதிரி இருக்கிறதாம். வலது காலுக்கு ஒரு மெல்லிய உள்ளடி வைத்தேன். குதிக்கால் நழுவாதபடி மேல் ஓட்டைவரை லேஸைக் கட்டினேன். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓடவிட்டேன். பெட்டியை நானே கிழித்துக் குப்பையில் போட்டேன். அன்று பின்னேரம் முதல் வீட்டுக்குள்ளேயே போட்டுத் திரியவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குள் சப்பாத்தா என்று பேனாட் முணுமுணுத்தானாம். அவள் நிலவறையில் போட்டு நடந்தாள்.

கணுக்கால் ஆறியபின் மூன்று கிழமை சமூக நிலையத்து மண்டபத்தில் ஓடினாள். றஜிதா கைத்தொலைபேசியில் பீப் போட்டுவிடுவாள். நாலு படி, நாலரை, ஐந்து. ஆறை ஒருநாளும் முடிக்கவில்லை என்று பிள்ளை என்னிடம் வந்து காதோடு சொன்னாள்.

சித்திரை மாதத்தில் ஒரு காலை அதே மண்டபம். பேனாட் வரவில்லை. நானும் றஜிதாவும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தோம். பதினொரு பேர் கோட்டில் நின்றார்கள். அவளைத் தவிர எல்லோருக்கும் வயது முப்பதுக்குள். அவள் குனிந்து இரண்டு லேஸையும் அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

முதல் இரண்டு படியும் எல்லோரும் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் படியில் சிரிப்பு நின்றது. நாலாம் படி தொடங்கியது. அவள் போன தடவை விழுந்த அதே பக்கத்துக் கோட்டை நோக்கி வந்தாள். நான் கதிரையின் கைப்பிடியைப் பிடித்தேன். இடது காலை ஊன்றினாள். றப்பர் தரையில் கிரீச்சிட்டது கண்ணாடியைத் தாண்டியும் கேட்டது. கால் சரியவில்லை. திரும்பிவிட்டாள். திரும்பும்போது ஒரு கணம் தன் காலையே குனிந்து பார்த்தாள். அதில் அரை அடி பிந்திவிட்டாள். ஏன் பார்க்கிறாய், ஓடு என்று நான் வாய்க்குள் ஏசினேன்.

ஐந்தாம் படியில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவன் சுவரோடு குந்தி இருமினான். அன்ரனெற்றின் வாய் திறந்திருந்தது, தோள் இரண்டும் மேலே ஏறியிருந்தன. ஆறாம் படி. மூன்றாவது திருப்பத்தில் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நிற்கும்போது பீப் வந்தது. அட்டைக்காரி கையை உயர்த்தினாள். அது ஒரு எச்சரிக்கை. தொடர்ந்து அடுத்ததும் தவறினால் முடிந்தது. றஜிதா எழும்பிக் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். இந்தமுறை தோற்றால் சப்பாத்தைச் சொல்ல முடியாது. அவளுடைய உடம்பைத்தான் சொல்வார்கள், அதுவும் நான் ஆசைகாட்டிக் கூட்டிவந்ததால்.

அடுத்த கோட்டை பீப்போடு தொட்டாள். அதற்கடுத்ததையும். திரும்பிய ஒவ்வொரு தடவையும் கால் நின்ற இடத்தில் நின்றது, தள்ளியவுடன் ஆள் முன்னால் வந்தாள். இன்னும் நாலு. இன்னும் மூன்று. கடைசி இருபது மீற்றரை அவள் ஓடினாள் என்று சொல்வதைவிட விழுந்துகொண்டே போனாள் என்றுதான் சொல்லவேண்டும். கோட்டைத் தாண்டிய பிறகுதான் பீப் கேட்டது.

நாங்கள் கீழே போனபோது சித்தியென்று கையொப்பமிட்ட தாள் அவள் மடியில் இருந்தது. றஜிதா கட்டிப்பிடித்து அழுதாள். தாயும் அவளை அணைத்தாள், தலையைத் தடவினாள். பிறகு அப்பாவுக்குச் சொல்லு என்று தொலைபேசியைக் கொடுத்து அவளை வெளியே அனுப்பினாள். வாங்கில் நானும் அவளும்தான்.

“அண்ணை, அண்டைக்குக் குசினியில வந்து சொன்னது உண்மையோ?”

ஓம் என்றேன்.

“நான் நம்பேல்லை. என்னை எழுப்பிவிடுறதுக்காக உங்கட பேரை நீங்களே கெடுத்துப் பொய் சொல்லுறியள் எண்டு நினைச்சன். இப்பிடி ஒரு மனுசன் சொன்னதை வீணாக்கக் கூடாதெண்டுதான் பதில் போட்டனான். அதுக்காகத்தான் ஓடினனான்.”

முகத்து வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். கண்ணும் நனைந்திருந்தது.

“நாலாம் படியில அந்தக் கோட்டில கால் அப்பிடியே நிண்டுது. அப்பதான் எனக்கு விளங்கினது. அது பொய்யில்லை. ஒம்பது நாள் அண்ணை. இனி நான் ஒண்டுக்கும் உதவமாட்டன் எண்டு என்ர உடம்பைத் திட்டித் திட்டிக் கிடந்தனான். நீங்கள் சுவருக்கு அங்கால எல்லாம் தெரிஞ்சுகொண்டு இருந்தனீங்கள்.”

அந்த வெள்ளிக்கிழமை அவளுடைய குசினியில் நின்று அடி, மெத்தை, திருப்பம், அளவு எல்லாம் சொல்லியிருந்தேன். சொல்லவேண்டிய ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

“என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை,” என்று அப்போதுதான் சொன்னேன். அவள் வென்று பத்து நிமிடம் ஆகியிருந்தது.